பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கார் ஓட்டிக் காட்டுவது எப்படி?

கார் ஓட்டுவது வேறு, கார் ஓட்டிக் காட்டுவது வேறு. முதலாவது பழகச் சில வருஷம் பிடிக்கும். இரண்டாவது அரை நிமிஷக் காரியம். இங்கே சொல்லப்போவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே. லைசென்ஸ் வேண்டுமென்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம். கார் ஓட்ட வேண்டுமென்பவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளவும்.

முதலில் கேள்வித்தாளைப் பார்த்துவிடுவோம். அது ரகசியமில்லை, 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதியாக அச்சாகிக் கிடக்கிறது. கிளம்புமுன் பின்புறக் கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும். டாப் கியர் வரை வரிசையாகப் போட வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். குறுகலான இடத்துக்குள் ரிவர்ஸில் நுழைய வேண்டும். நடந்து போகிறவர், சைக்கிளில் வருகிறவர், இன்னொரு வண்டியை ஓட்டுகிறவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். இப்படியே ஏ, பி, சி என்று நீண்டு, ஆங்கில எழுத்துகளே தீர்ந்துபோகும் நிலையில், சாலையில் மற்றவர்களிடம் மரியாதையோடும் பரிவோடும் நடந்துகாட்ட வேண்டும் என்று முடிகிறது பட்டியல். அதைக் கடைசியில் வைத்தவர் நம் ஊர்ச் சாலைகளைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

மலைக்க வேண்டாம். இத்தனையும் நிஜமாகவே சோதிக்கப்பட்டால் இருபது வருஷமாக வண்டி ஓட்டும் உங்கள் மாமாவே தேறமாட்டார். ஆய்வாளருக்கோ காலையில் ஒரு பெரிய வரிசையை முடித்தாக வேண்டும். அதனால் பல இடங்களில் நடப்பது இதுதான்: எடு, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு, ஓரமாக நிறுத்து, இறங்கு, அடுத்த ஆள். சில அலுவலகங்களில் இதற்கென்றே தளம் உண்டு. அங்கே எட்டு, ஏற்றம், ரிவர்ஸ் எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் ஊரில் எது என்று அறிய வலைத்தளத்தைத் துழாவ வேண்டாம். ஆர்டிஓ ஆபீஸுக்கு எதிரில் ஒரு டீக்கடையும் ஒரு ஜெராக்ஸ் கடையும் கட்டாயம் இருக்கும். “அண்ணே, இன்னிக்கு எந்த ரோட்டுல ஓட்டச் சொல்றாங்க?” என்று கேட்டால், எந்தத் திருப்பத்தில் பள்ளம், எந்த ஆய்வாளருக்கு எது பிடிக்காது என்பது வரைக்கும் டீயோடு சேர்ந்து வரும்.

அடுத்து குருவைத் தேர்ந்தெடுப்பது. சொந்தக்காரர்கள் கூடவே கூடாது. முக்கியமாகப் பெரியப்பா. அம்பாசடரில் ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருந்த காலத்து மனிதர் அவர். அவரிடம் கற்றுக்கொள்வது இப்படி இருக்கும்:

“கிளட்ச்ச மெதுவா விடு.”

“எவ்வளவு மெதுவா பெரியப்பா?”

“அளவெல்லாம் கேக்காத. காலுக்கே தெரியும்.”

காலுக்குத் தெரியாது. வண்டி ரெண்டு குதி குதித்து ஆஃப் ஆகும். “நான்தான் மெதுவான்னு சொன்னேன்ல!” என்பார் பெரியப்பா. கற்றுக்கொள்பவர் ஓட்டும்போது, லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. பெரியப்பாவிடம் இருப்பது ஹேண்ட் பிரேக்கும் தொண்டையும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் பிரயோகிப்பார். கணவன் மனைவிக்கோ, மனைவி கணவனுக்கோ கற்றுக்கொடுப்பதும் சட்டப்படி செல்லும். அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ஆகவே டிரைவிங் ஸ்கூல். மாருதி 800 தயாரிப்பை 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். சில டிரைவிங் ஸ்கூல்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. கியர் குமிழில் எண்கள் தேய்ந்து வழவழவென்றிருக்கும். ஒன்று எங்கே, மூன்று எங்கே என்று நீங்கள் குனிந்து தேடும்போதெல்லாம், “ரோட்டைப் பாருங்க சார், கியர் எங்கயும் ஓடிடாது” என்பார் மாஸ்டர். டெஸ்டுக்கு உதவும் ஒரே அறிவுரை இதுதான் என்று நினைக்கிறேன். குனிந்து கியரைப் பார்க்கிறவரை ஆய்வாளர் பத்தடிக்குள் கண்டுபிடித்துவிடுவார்.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டரின் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அவருடைய பெடல் உங்கள் பெடலோடு பிணைத்தது. ஒருநாள் வகுப்பில் உங்கள் இடது காலைக் கிளட்சுக்குச் சற்று மேலே தூக்கி வைத்துக்கொண்டு கீழே பாருங்கள். மாஸ்டர் சொன்னதை மீறி ஒரே ஒருமுறை ரோட்டைப் பார்க்காமல் இருக்கலாம், தப்பில்லை, வண்டியை அவர் பார்த்துக்கொள்வார். யாரும் தொடாமலே உங்கள் பெடல் நிதானமாக உள்ளே இறங்கும். கியர் மாறியதும் அதே நிதானத்தோடு மேலே எழுந்து வரும். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி போனில் யாரிடமோ சிமெண்ட் மூட்டை விலை பேசிக்கொண்டிருப்பார். நேற்று மினி பஸ் குறுக்கே வந்தபோது நீங்கள் சமயோசிதமாக நிறுத்தியதாக வீட்டில் சொன்னீர்களே, அதுவும் இப்படித்தான். கோர்ஸ் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, “மாஸ்டர், இன்னிக்கு ஒருநாள் காலை மடக்கி மேல வெச்சுக்குங்க” என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். வைக்கமாட்டார். அவருக்குக் குடும்பம் இருக்கிறது.

டெஸ்ட் அன்றைக்கு அந்தப் பெடல்களின் மேல் ஆய்வாளரின் ஷூ இருக்கும். அவர் உதவிக்கு வரமாட்டார். அவர் கால் பெடலைத் தொட்டால் உங்கள் டெஸ்ட் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல் போர்டு பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, முன்னாலும் பின்னாலும் இருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் ஒதுங்கிப் பொறுமை காப்பார்கள் என்று நம்பித்தான் விதி எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் எல் போர்டைப் பார்த்ததும் பின்னால் இருப்பவர் செய்வது, ஹாரனில் கையை வைத்து எடுக்க மறந்துவிடுவது. இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லை.

கை சிக்னல்களைத் தவறாமல் மனப்பாடம் செய்யுங்கள். சாலையில் அவற்றைப் பார்த்து யாரும் ஒதுங்கப்போவதில்லை. ஆனால் டெஸ்டில் கேட்பார்கள். வலது பக்கம் திரும்ப வலக்கையை நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்பவும் அதே வலக்கைதான், ஆனால் சுற்ற வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த, முன்கையை நிமிர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணாடியை இறக்க வேண்டும். ஏசி காரில் பழகியவர்கள் “ரைட் சிக்னல் காட்டுங்க” என்றதும் கையை நீட்டி விரலை மடக்கிக்கொள்வது உண்டு.

ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதற்கு ஹாஃப் கிளட்ச் பழகியே ஆக வேண்டும். சென்னைவாசிகளுக்கு 1973இல் திறந்த அண்ணா மேம்பாலம் இன்றைக்கும் கைகொடுக்கும். ஏறும்போது முன்னால் வண்டிகள் நின்றுவிட்டால் பயிற்சி தானாக ஆரம்பிக்கும். உங்கள் பம்பருக்கும் பின்னால் நிற்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு வார இதழைச் செருகலாம்; தீபாவளி மலரைச் செருக முடியாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் லேசாக நிமிர்ந்து இன்ஜின் சத்தம் இறங்கும் இடத்தில் காலை அப்படியே நிறுத்தி, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி பின்னால் போகாது. போனால் ஆட்டோக்காரர் உங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுப்பார், கட்டணமில்லாமல்.

எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் ஆகும் முன் டெஸ்டுக்குப் போக முடியாது. ஆறு மாதம் தாண்டினால் அது காலாவதி. நடுவில் உள்ள ஐந்து மாதத்தில் நாலு மாதம் ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம்’ என்பதிலேயே போய்விடும், அது இயல்பு. தேதி எடுக்கும்போது அஷ்டமி, நவமி பாருங்கள். தவிர்ப்பதற்காக அல்ல, அன்றைக்குக் கூட்டம் குறைவாயிருக்கும் என்பது என் கணக்கு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம்; அதையும் யோசிக்கலாம். புது வண்டி வாங்கினால் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரனிடம் கொண்டுபோய் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். லைசென்ஸுக்குத் தனி ஏற்பாடு இருப்பதாகத் தெரியவில்லை. நாற்பது தாண்டியவர்கள் அதைவிட மருத்துவச் சான்றிதழை மறக்காமல் இருப்பது நல்லது.

ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஒருவர் வருவார். “எல்லாம் நான் பாத்துக்கறேன் சார், நீங்க சும்மா வந்து உக்காந்தா போதும்” என்பார். உட்காரப்போவது நீங்கள்தான், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் அண்ணா மேம்பாலத்தில் வண்டி பின்னால் உருளும்போது அவர் கூட வரமாட்டார்.

இப்போது அந்த அரை நிமிஷம். இது நடிப்பு, அதனால் எதையும் ஆய்வாளர் கண்ணில் படும்படி செய்ய வேண்டும். கண்ணாடி ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கும், காலையிலிருந்து பத்துப் பேர் சரிசெய்திருக்கிறார்கள். இருந்தாலும் தொட்டு, கொஞ்சம் கெடுத்து, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். பக்கத்தில் பார்க்கும்போது தலையையே திருப்புங்கள். விழியை மட்டும் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? சீட் பெல்ட்டின் கொக்கி இருக்கையின் சந்துக்குள் புதைந்துபோயிருக்கும். முன்னமே தோண்டி எடுத்து வையுங்கள். சாலையில் பெல்ட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாயோடு போகும். இங்கே ஆய்வாளர் வாயைத் திறக்காமலே பேனாவைத் திறப்பார். நியூட்ரல் பார்த்து, சாவி திருப்பி, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இந்தக் கடைசியைத்தான் பாதிப் பேர் மறக்கிறார்கள். பிறகு வண்டி நகரவில்லையே என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்து, தெரு முழுக்கக் கருகல் வாடை.

பின் சீட்டில் அடுத்து ஓட்டப்போகும் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வண்டி ஆஃப் ஆனால் மூவரும் சேர்ந்து ‘உச்’ கொட்டுவார்கள். அது அனுதாபம்தான், ஆனால் அதில் ஒரு நிம்மதியும் கேட்கும். கலங்காமல் கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, பிறகு சாவியைத் திருப்புங்கள். “சாரி சார்” என்று சொல்லிக்கொண்டே கியரில் வைத்துச் சாவியைத் திருப்பினால் வண்டி தவளைபோல் தாவும். வரிசையில் முதல் ஆளாகப் போகாதீர்கள். இரண்டு முறை ஆஃப் பண்ணியவருக்கு அடுத்து போங்கள். ஒருமுறை ஆஃப் பண்ணினால்கூட நீங்கள் தேர்ந்த ஓட்டுநராகத் தெரிவீர்கள்.

கேள்வி கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்.

“ஒன்வேல ரிவர்ஸ் போலாமா?”

“கூடாது சார்.”

“ஜீப்ரா கிராஸிங்ல ஆள் நின்னா?”

“நிறுத்தணும் சார்.”

“நிறுத்துவீங்களா?”

இதற்கு மட்டும் யோசிக்கவே கூடாது. யோசித்தால் மாட்டினீர்கள்.

தோற்றால் ஏழு நாள் கழித்துத் திரும்ப வரலாம். மூன்று தடவை தோற்றால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். அதோடு திருத்தப் பயிற்சிக்கும் போய்வர வேண்டும் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. இதெல்லாம் வேண்டாமென்றால் வேறு வழியும் உண்டு. 2021 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் 8 மணி நேரம் பாடம், 21 மணி நேரம் ஓட்டம், ஆக 29 மணி நேரம் பயின்று அங்கேயே தேறிவிட்டால் ஆர்டிஓ ஆபீஸில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று, அங்கே போனால் நிஜமாகவே கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிடும் அபாயம் இருக்கிறது.

தேறிவிட்டீர்களென்றால் வாழ்த்துகள். முப்பது வயதுக்குள் வாங்கிய லைசென்ஸ் நாற்பது வயது வரை செல்லும். பதினெட்டு வயதுக்காரர் அரை நிமிஷம் ஓட்டிக் காட்டியதற்கு இருபத்திரண்டு வருஷம் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் இப்போது கார்டை நேரில் தருவதில்லை. விரைவு அஞ்சலில் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். தபால்காரர் வரும்போது வீட்டிலேயே இருங்கள். கார்டு வருமுன் காரை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே போய்விடாதீர்கள்; பாவம், அவர் இரண்டு சக்கர வண்டியில் வருகிறவர்.