வால் நுனி

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் அந்தக் காலத்தில் தட்டான் இரண்டே வகை: பிடிபட்டது, பிடிபடாதது. ஊசித்தட்டானையும் கணக்கில் சேர்க்கலாம்தான். ஆனால் அதைப் பிடிப்பதில் பெருமை கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போய், இரண்டு விரலால் வால் நுனியை லபக்கென்று பிடிக்க வேண்டும். அது உடம்பை வளைத்து விரலைக் கடிக்கும். வாலில் நூலைக் கட்டிக் கீழே காட்டினால், கால்களால் பொடிக்கல்லைக் கவ்வித் தூக்கும். யார் தட்டான் பெரிய கல்லைத் தூக்கியது என்பதில் தினமும் பஞ்சாயத்து.

இப்போது அதே கரையில் அதே ஆட்கள், வழுக்கையும் மூட்டுவலியுமாக, மேக்ரோ லென்ஸோடு சேற்றில் குப்புறக் கிடக்கிறோம். உச்சிவெயிலில் தட்டான் வாலைச் சூரியனைப் பார்த்து நட்டுக்குத்தலாகத் தூக்கி, மேலே படும் வெயிலைக் குறைத்துக்கொள்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

எடுத்த படத்தை விவரம் தெரிந்த தம்பி ஒருவரிடம் காட்டினால், “சிறகு நரம்பெல்லாம் அருமை சார். வால் நுனி எங்கே?” என்கிறார். இணைசேரும்போது பெண்ணின் பிடரியைப் பற்றிக்கொள்ள ஆணுக்கு அங்கேதான் கொக்கிகள். அவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். நிறத்தை நம்பினால் மோசம். சிவப்புத் தட்டானில் இளம் ஆண், பெண்ணைப் போலவே மஞ்சளாகத் திரியும். 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக இந்தியத் தட்டான்களை எழுதிவைத்த ராணுவ மருத்துவர் பிரேசரும் இந்தக் கொக்கிகளைத்தான் விழுந்து விழுந்து விவரித்தார். அவருக்கென்ன, வலையில் பிடித்துக் கையில் வைத்துப் பார்த்தார். நாங்களோ அகிம்சாவாதிகள். தொட மாட்டோம், நுனி மட்டும் துல்லியமாக வேண்டும்.

மழைக்கு முன் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான், மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே போகிறது என்று ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். அப்படிப்பட்ட பயணிகள் சிலருக்கு ஐப்பசியில் நாங்கள் கல் சுமக்கும் வேலை கொடுத்திருக்கக்கூடும்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் மட்டும் கேமரா வாங்கவில்லை. சும்மா கூட வருவான். நாங்கள் நூறு படம் எடுத்தும் நுனி கலங்கலாகவே விழுவதைப் பார்த்துவிட்டு, “டேய், பிடிச்சுக் குடுக்கவா?” என்பான்.

“சேச்சே, கூடாதுடா” என்போம், அவன் விரல்களைப் பார்த்தபடியே.