பட்டறைப் பிரகஸ்பதி

மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், ஸ்பேனர், கொறடு, மண்ணெண்ணெய்த் தட்டு, சென்ற வருஷத்துக் காலண்டர் ஆகியவற்றோடு, பட்டறைக்காரர் காசு கொடுத்து வாங்காத ஒரு சொத்தும் அங்கே இருந்தே தீரும். வாசல் பெஞ்சில் வீற்றிருந்து, வருகிற வண்டிகளுக்கெல்லாம் நோய் இன்னதென்று நிர்ணயம் செய்யும் பிரகஸ்பதியைத்தான் சொல்லுகிறேன். பெண்ணாடத்துப் பட்டறைகளும் இந்தப் பாக்கியத்தைப் பெற்றவையே.

அவருக்குச் சொந்தமாக வண்டி கிடையாது, நடந்தே வருவார். காலையில் பத்திரிகையைப் பிரித்துவிட்டாரானால், பட்டறைக்காரர் பணம் கட்டும் அந்தப் பத்திரிகையைப் பட்டறைக்காரர் சாயங்காலத்தில்தான் காண முடியும். வண்டி ஓட்டத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. சங்கீத விமர்சகரைப் பாடிக் காட்டும்படி யாராவது கேட்கிறார்களா, என்ன?

ஒரு நாள், வேர்வை சொட்டச் சொட்ட ஓர் இளைஞன் பழைய புல்லட் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, விற்க மனம் வராமல் பேரன் தள்ளுவது என்ற வமிச பரம்பரையைச் சேர்ந்த வண்டி அது.

“என்னா தம்பி, பிளக்கா?”

“இல்லைங்க ஐயா, கிக் ஸ்லிப் ஆவுது. மிதிச்சா காலு சும்மா கீழ போயிடுது.”

“ஸ்லிப் ஆவுதுன்னா பிளக்குதான்.”

இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை. பிளக்கிலிருந்து அதன் வெள்ளைப் பீங்கானுக்கும், பீங்கானிலிருந்து விருத்தாசலத்துக்கும் அவர் நொடிப்பொழுதில் போய்விடுவார். விருத்தாசலத்துச் சூளைகளில் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிறவர்கள், மனம் வைத்தால் உலகத்துக்கே பிளக் செய்து கொடுக்கலாம் என்பதும், சர்க்காருக்கு அவர் சொல்லி அனுப்பாத ஒரே காரணத்தால்தான் அது நடக்கவில்லை என்பதும் அப்போது வெளிப்படும். பேச்சு தடைப்பட்டால் உள்ளூர்ப் பிரளயகாலேசுவரர் கோயிலுக்குத் தாவுவார். தூங்கும் யானையின் பின்புறம் போன்ற விமானத்தையும், அப்பர் பெருமான் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்ற வரலாற்றையும் சொல்லும்போது மட்டும் அவர் வாக்கில் பிழை இராது. ஸ்தல புராணத்தில் இருக்கும் இந்தச் சுத்தம் கியர் பெட்டியிலும் இருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றும்.

இதற்குள் பட்டறைக்காரர் வாயைத் திறவாமல் கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்த்திருப்பார். மிதிக்கிற விசை கியர் பெட்டியிலிருந்து கிளட்ச் வழியாகத்தான் இஞ்சினைச் சென்றடைகிறது. ஆகையால் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தாலும், பிளேட் தேய்ந்திருந்தாலும் கிக் வழுக்குவது போலவே தோன்றும். அதில் குற்றமில்லை என்று கண்டபின், கிக் லீவரைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின்னை அசைத்துப் பார்ப்பார். அதுவும் உறுதியாக இருந்தால், கையால் லீவரை மெல்ல அழுத்தி, காதைப் பெட்டியருகே வைத்துக் கேட்பார். உள்ளே ‘கடக், கடக்’ என்று ஏதோ தாண்டித் தாண்டிக் குதிக்கும்.

“பெட்டியப் பிரிக்கணும் தம்பி.”

“வெள்ளைக்காரன் செஞ்ச வண்டிப்பா, அதையா பிரிக்கிற?” என்று பெஞ்சிலிருந்து ஆட்சேபணை எழும். வாஸ்தவத்தில், 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் புல்லட்டை உருவாக்கத் தொடங்கி, பிறகு அந்த வெள்ளைக்காரர்களே தொழிலை மூடிவிட, 1977-இல் நம்மூர் வண்டி அவர்கள் நாட்டுக்கே கப்பலேறியது. ஆனால் சென்னைத் திருவொற்றியூர்க்காரர்கள் செய்த வண்டி என்று சொன்னால் பிரகஸ்பதியின் முகம் வாடிவிடும் என்பதனால் யாரும் சொல்லுவதில்லை.

எண்ணெயை வடித்து, மேல்மூடியையும் உள்மூடியையும் கழற்றியபின், சுண்டு விரல் நுனியளவு இரும்புத் துண்டு ஒன்று பட்டறைக்காரரின் உள்ளங்கைக்கு வருகிறது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் மூலபுருஷன் இதுதான். கிக் தண்டின் மேல் உட்கார்ந்து, கடுகத்தனை ஸ்பிரிங் ஒன்றின் உந்துதலால், பல்சக்கரத்தின் உட்புறப் பற்களைக் கவ்வ வேண்டியது இதன் உத்தியோகம். கூராக இருக்க வேண்டிய விளிம்பு, பாயசத்தில் போட்ட கற்கண்டாக மழுங்கிப் பளபளக்கிறது. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து, பிஸ்டனை உச்சி தாண்டவிட்டு, அதன் பிறகு முழு மனத்தோடு மிதிப்பதே இவ்வண்டிக்குரிய சாஸ்திரம். அவசரத்தில் அரைகுறையாக மிதித்தாலும், டைமிங் முந்தியிருந்தாலும் இஞ்சின் திருப்பி உதைக்கும். மிதித்தவன் முழங்காலுக்கு விழும் அந்த உதையில் ஒரு பங்கு இந்தத் துண்டுக்கும் விழுந்துகொண்டே வந்திருக்கிறது.

“நான் அப்பவே சொன்னேன்ல, பல்லுன்னு!” என்பார் பிரகஸ்பதி. அவர் சொன்னதை நாம் கேட்டோம். ஆயினும் அந்தக் குரலில் தொனிக்கும் சத்தியத்தின் முன்னால் நம் காதையே நாம் சந்தேகிக்கும்படி ஆகிவிடும்.

அடுத்து, வெல்டிங் வைத்து அரத்தால் ராவிவிடலாம் என்று யோசனை பிறக்கும். அப்படிச் செய்தால் துண்டின் கடினம் கெட்டுப்போகும். துண்டை மட்டும் புதிதாகப் போட்டாலும், தேய்ந்த பற்கள் அதையும் சில மாதத்தில் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லுவார். சாமான் விருத்தாசலத்தில் அகப்படவில்லையென்றால் திருச்சி, அங்கும் இல்லையென்றால் சென்னைப் புதுப்பேட்டை.

இங்கேதான் பிரகஸ்பதியின் உண்மையான உபயோகம் விளங்குகிறது. சாமான் வரத் தாமதமாகிறது. இளைஞன் கோபாவேசமாக வருகிறான். பட்டறைக்காரர் ஏதோ ஒரு டிவிஎஸ் வண்டியின் அடியில் தலையை நுழைத்துக்கொள்கிறார். பெஞ்சிலிருந்து, “உட்காரு தம்பி. அந்தக் காலத்துல இறையூர் ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டுப் போன வண்டிங்க...” என்று புராணம் தொடங்குகிறது. அரைமணி கழித்து அவன் எழுந்து போகும்போது, யார்மேல் கோபித்துக்கொண்டு வந்தோம் என்பதே அவனுக்கு மறந்திருக்கும். இப்பேர்ப்பட்ட ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பதானால் எந்தப் பட்டறைக்குக் கட்டுப்படியாகும்?

கடைசியில் சாமான் வந்து, வண்டி பூட்டப்பட்டு, இளைஞன் சாஸ்திரோக்தமாக ஒரே மிதி மிதிக்க, இஞ்சின் தட் தட்டென்று பேசத் தொடங்கும். பிரகஸ்பதி எழுந்து, புதிய பிளக்கை மேலும் கீழும் பார்த்து, “இதைத்தான் மாத்தச் சொன்னேன்” என்பார். (பட்டறைக்காரர் அதையும் ஓசைப்படாமல் மாற்றியிருந்தார்.) பிறகு இளைஞனின் வக்கீலாக மாறி, “நம்ம புள்ளப்பா, பார்த்துப் போடு” என்று வாதாடி, கூலியில் ஐம்பது ரூபாயைக் குறைத்துக் கொடுப்பார். நன்றிப் பெருக்கினால் இளைஞன் மூவருக்கும் வடையும் டீயும் வரவழைப்பான். பிரகஸ்பதி பேரம் பேசுவதற்கென்றே ஐம்பது ரூபாயைக் கூட்டிச் சொல்லுவது அந்தப் பட்டறையில் நெடுநாளைய வழக்கம் என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும். வடை சூடாக இருக்கும்போது அவர் அதை யாரிடமும் பிரஸ்தாபிப்பதில்லை.