ஹேண்ட்லிங் சார்ஜ் ஆசானுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஷோரூம் பொது மேலாளர் அவர்களுக்கு,

ஆந்திராவில் சித்தூர் பக்கம் குடிபாலாவில் நாலு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு வைத்திருப்பவன் எழுதுகிறேன். போன மாதம் உங்களிடம் கார் எடுத்தவன். ஷோரூம் பெயரையும் ஊரையும் எழுதவில்லை, எழுதினால் அடுத்த ஷோரூம்காரர், "எங்களை மட்டும் ஏன் விட்டீங்க?" என்று கோபித்துக்கொள்வார்.

நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். வியாபாரம் என்றால் என்ன என்று ஐம்பத்திரண்டு வயதில் உங்களிடம்தான் கற்றேன்.

நாங்கள் மாங்காய் விற்கிற லட்சணத்தைக் கேளுங்கள். பறிப்புக் கூலி எங்களுடையது. கூழ் ஃபாக்டரி வாசலில் டிராக்டர் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றால் அந்த வாடகையும் எங்களுடையது. காய் வாடினால் கழிவு, மண்டிக்குப் போனால் கமிஷன். 2025 சீசனில் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தார்கள்: ஃபாக்டரி 8, அரசு 4. அந்த எட்டு ரூபாய்க்கே அலையாத அலைச்சல். கழித்தல் எனக்குப் பழகிய கணக்கு. கூட்டலை நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள்.

கண்ணாடி மேஜையில் உங்கள் சேல்ஸ் பையன் நீட்டிய தாளில் எக்ஸ்-ஷோரூம் விலைக்குக் கீழே பென்சிலில் 'ஹேண்ட்லிங் 9,500' என்று இருந்தது. மற்றதெல்லாம் அச்சு, அது மட்டும் பென்சில்.

"இது என்ன தம்பி?"

"யார்டுலேருந்து ஷோரூமுக்கு வண்டி கொண்டாந்த செலவுன்னா."

"எக்ஸ்-ஷோரூம் விலைன்னாலே ஷோரூம் வாசலுக்கு வந்து சேர்ந்த விலைதானே?"

பையன் சிரித்தான். "அந்தரூ இஸ்தாரன்னா."

எல்லாரும் கொடுக்கிறார்களாம். இவ்வளவு சுருக்கமான சட்டப்பிரிவை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அடுத்தது 'எசென்ஷியல் கிட்', 22,000. காலடி மேட், சீட் கவர், ஒரு சென்ட் பாட்டில், பம்பருக்கு முன்னால் போட இரும்புக் கம்பி. அந்தக் கம்பியைப் போடுகிற வண்டிகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இடித்தால் ஏர்பேக் ஒழுங்காக விரியாமல் போகலாம் என்பதும் ஒரு காரணம். போலீஸ் கழற்றச் சொல்வதைக் காசு வாங்கி மாட்டிவிடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். கிட் வேண்டாம் என்றேன். "அப்ப டெலிவரி லேட்டாகும்ணா" என்றான். வெள்ளிக்கிழமை முகூர்த்தம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அவனிடம் நானே உளறித் தொலைத்திருந்தேன்.

இன்சூரன்ஸ் கட்டத்தில் என் மகள் போனில் தட்டிப் பார்த்தாள். அதே கம்பெனி, அதே காப்புத் தொகை, 11,000 ரூபாய் குறைவு. "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் வராதுன்னா" என்றான் பையன். கேஷ்லெஸ், கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது, ஷோரூம் சோபாவைப் பொறுத்ததல்ல என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

ஒரு நலம்விரும்பியாகச் சொல்கிறேன், இவை வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டீலரிடமே இன்சூரன்ஸ் எடு என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஹைதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஆணையத்தின் 2017 வழிகாட்டுதல். புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு வருஷம் எடுத்தால் போதும். ஒன்றை வாங்கினால்தான் மற்றது என்று கட்டிவிடுவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிகம் என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டால் புகாரைக் கேட்கிறார்கள். ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் வாங்கிய வண்டிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணம் 200 ரூபாய், உங்கள் சென்ட் பாட்டிலைவிடக் குறைவு. எல்லாவற்றையும்விட ஆபத்தானவன், பென்சில் கணக்கை முத்திரை போட்ட ரசீதாகக் கேட்கிறவன். நான் கேட்கவில்லை. முகூர்த்தம்.

வருகிற சீசனில் உங்கள் பாடத்தை அமல்படுத்தப் போகிறேன். மரத்திலிருந்து தரைக்கு இறக்கியதற்கு ஹேண்ட்லிங். டன்னுக்கு ஒரு எசென்ஷியல் கிட்: மாவிலைத் தோரணம், வைக்கோல் ஒரு பிடி. வேண்டாம் என்றால் லோடு லேட்டாகும். ஃபாக்டரி வாட்ச்மேன் என்னைத் துரத்தினால், உங்கள் பையனை அனுப்பி, அந்தரூ இஸ்தாரன்னா என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

வண்டியைப் பூஜைக்குக் காணிப்பாக்கம் கொண்டுபோனேன். வரசித்தி விநாயகர் வளர்ந்துகொண்டே இருப்பதாக எங்கள் பக்கம் நம்பிக்கை. பழைய வெள்ளிக் கவசம் இப்போது பொருந்தாது என்பார்கள். சந்நிதியில் நிற்கும்போது எக்ஸ்-ஷோரூம் விலை ஞாபகம் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு, உங்களுக்கும் தெரியும். கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் குளத்தில் முங்கி ஈரத்துணியோடு சுவாமி முன்னால் சத்தியம் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தயாராக இருங்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன். வண்டியைக் கையாள 9,500 ஆனது என்று ஒரே ஒரு முங்கு. துண்டும் கொண்டுவருகிறேன். போக வர பெட்ரோல் என் செலவு, ஹேண்ட்லிங் சார்ஜ் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் கட்டாய வாடிக்கையாளன்,
குடிபாலா