லென்ஸ் மூடி

ஒன்றரை வருஷமாக வாரம் மூன்று நாள் பச்சைமலைக்குப் பறவை பார்க்கப் போகிறேன். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் போவது வீரா. கயிற்றின் இந்த முனையில் நான். வீரா தெருவில் எடுத்து வளர்த்த நாய், பெயருக்குச் சம்பந்தமே இல்லாமல் காக்கைக்குப் பயப்படுகிறவன். தாம்பரம் சானடோரியம் பக்கத்து அந்த மேட்டை ஊட்டிக்காரர்கள் மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாதி ஏறியதும் எனக்கு மூச்சு வாங்குகிறது, ஆகவே மலைதான்.

ஆரம்பித்தது ஓர் ஐப்பசியில், ஆறுமணிக்குருவிக்காக. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது தெற்கே வரும் பறவை. இரவெல்லாம் பறந்து களைத்துப்போய் நம் ஊர் மொட்டை மாடிகளில் விழுந்து கிடப்பதும் உண்டு. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். அலாரம் ஐந்துக்கு வைத்தேன். மலையடிவாரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழேகால். அந்த மாதம் முழுக்க ஏழேகால்தான்.

பிறகு பொங்கல் வந்தது. 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள். குறைந்தது 15 நிமிஷம் கண்ணில் படும் அத்தனையையும் எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். வீராவுக்கு 15 நிமிஷம் என்பது ஒரு யுகம். அவன் இழுத்த இழுப்பில் நான் எண்ணிய காக்கைகளில் பாதி ஒரே காக்கையாக இருக்கலாம். போகட்டும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு ஒன்று கிளையில் உட்கார்ந்திருந்தது. துணிந்து ‘அக்காக்குயில்’ என்று போட்டேன். தன்னார்வலர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு படம் கேட்டார். அனுப்பினேன். “சார், இது சாதாரணக் குயில். பெண்.” கூவுகிற கறுப்பு ஆண், புள்ளி போட்டது பெண். வீட்டில் மனைவியிடம் சொன்னதும், “காலண்டர்ல கூட இருக்குமே, அதுகூடவா தெரியாது உங்களுக்கு?” என்றாள். காலண்டரில் இருப்பது ஆண் என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

பங்குனியில் நடந்ததைச் சொல்லத்தான் கூச்சம். அடிவாரத்துப் பொட்டலில் இரண்டு ஆட்காட்டிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வந்தன. ஆள் வருவதை ஊருக்கே காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர். வீரா எதையாவது துரத்தியிருப்பான் என்று முடிவு கட்டி, “வாடா கழுதை” என்று இழுத்தேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றான். குனிந்து பார்த்தால், என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் நான்கு முட்டைகள். மண் நிறம், மேலே கறுப்புத் தெறிப்பு, கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. சுற்றிலும் அதே நிறத்தில் சரளைக்கல். கூடு என்று ஒரு குச்சிகூடக் கிடையாது. இங்கிருந்து சற்றுத் தள்ளிப் பல்லாவரத்தில், 1863-இல், ராபர்ட் புரூஸ் ஃபுட் சரளைக் குழியில் கிடந்த ஒரு கல்லைப் பார்த்துக் கற்கால மனிதனின் கோடரி என்று கண்டுகொண்டார். நான் முட்டையைக் கல் என்று நினைத்து மிதிக்கப் போனேன். வந்த வழியே திரும்பினோம். வீராவிடம் மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. பொறை இரண்டு கூடுதலாகப் போட்டேன்.

சித்திரையிலும் வைகாசியிலும் காக்கைகள் கூடு கட்டி எங்கள் தலையைக் கொத்த வந்ததால் வீரா மலையேற மறுத்துவிட்டான். வெயிலைக் காரணம் காட்டி நானும்.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியும்வரை மழை. மலைக்குப் போகவில்லை. அடுக்ககத்தின் பின்பக்கம், தண்ணீர் சம்ப் ஓரம், பாதாம் மரத்துச் சருகு குவிந்து கிடக்கும் மூலையில் வீரா சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தான். காது மட்டும் நிமிர்ந்திருந்தது. சருகு ஒன்று தானாகப் புரண்டது. குட்டை வால், அதன் அடியில் ஒரு துளி சிவப்பு. ஓடிப்போய் பைனாகுலரை எடுத்து வந்து கண்ணில் வைத்தேன், ஒரே இருட்டு. மழைக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று திருகினேன், துடைத்தேன். மூடியைக் கழற்றவில்லை. கழற்றியபோது அது சம்ப் மூடிமேல் விழுந்து ணங்கென்றது. குருவி மதிலுக்கு அப்பால் போய்விட்டது. மணி பார்த்தேன், ஏழேகால்.

நோட்டில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ஆறுமணிக்குருவி 1. பார்த்தது: வீரா. இ-பேர்டில் அவனுக்குக் கணக்கு இல்லாததால் இன்னும் ஏற்றவில்லை.