தட்டை ஊசி

அத்தையின் தையல் மிஷின் திண்ணையில்தான் கிடந்தது. மிதி மிஷின், கறுப்பு உஷா. 1970களின் கடைசியில் செட்டியார்பட்டியில் எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் மிஷின். ஊசி முறிந்தால் பின்தெருவுக்கு ஓடி வாங்கிவருவேன். அங்கே தோல் பெல்ட் அறுந்துபோனால் அவர்கள் இங்கே வருவார்கள். வந்தவர்கள் சும்மா போகமாட்டார்கள். தைத்துக்கொண்டிருப்பதைப் புரட்டிப் பார்ப்பார்கள், கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கலாமே என்பார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளையின் அளவுச் சட்டை மறுநாள் திண்ணைக்கு வந்துவிடும். அத்தை யாரிடமும் கூலி வாங்கியதாக எனக்கு நினைவில்லை. தைப்பது அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அவள் சொல்லிக்கொடுத்த விதத்தை இன்றும் வியக்கிறேன். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு முழம் எடுத்து என் கையில் கொடுத்தாள். இழைகள் விலகி நிற்கிற துணி, பாவும் ஊடையும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும். “நேரா இழு.” இழுத்தேன், அசையவில்லை. “இப்போ கோணத்துல இழு.” ரப்பர் மாதிரி நீண்டது. கிராஸ் கட் ப்ளவுஸ் ஏன் உடம்போடு ஒட்டி நிற்கிறது என்பது அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்தது. பிறகு நான் தையலில் லோயர் பரீட்சைக்குப் படித்தபோது எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். கூட்டம் எல்லாம் தேரைப் பார்க்கும், அத்தை ஆண்டாள் கையிலிருக்கும் கிளியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மாதுளம்பூ அலகு, இலையால் உடம்பு, இறக்கை. நேற்றைய கிளி இன்றைக்கு ஆகாது, ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டவேண்டும். ஊருக்குத் திரும்பிய வாரம் என் பாவாடை ஓரத்தில் அவள் ஒரு பச்சைக்கிளி போட்டுக்கொடுத்தாள். சங்கிலித் தையல், சிவப்பு நூலில் அலகு. மறுவருஷமும் அதே கிளிதான், ஆனால் கழுத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தது.

இன்றைக்கு எங்கள் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் மிஷின் சத்தம். தளவாய்புரம் நைட்டி என்றால் வெளியூர்க் கடைகளுக்கும் தெரியும், செட்டியார்பட்டி அதை ஒட்டிய ஊர். நிமிஷத்துக்கு 4,000 தையலுக்கு மேல் ஓடக்கூடிய பவர் மிஷின்கள், ஓவர்லாக், மூட்டை மூட்டையாக வெட்டிய துணி, டஜன் கணக்கில் கூலி. இந்த வேலையைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. என் தங்கச்சி மகள் காலேஜ் முடித்தது இந்தக் கூலியில்தான். ஆனால் இத்தனை மிஷின் வந்தபிறகு, தன் பிள்ளைக்கு ஒரு கவுன் தைக்கிறேன் என்று உட்காருகிறவர்கள் அருகிப்போனார்கள். நாள் முழுக்கத் தைத்த கைக்கு ராத்திரி இன்னொரு தையல் எப்படி ஓடும்?

போன ஆடியில் பேத்தி பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி எட்டு மணி. ஊசி முறிந்துவிட்டது. எதிர்வீட்டில் ஆறு மிஷின் ஓடுகிறது, கேட்டதும் அந்தப் பெண் டப்பாவையே எடுத்துவந்தாள். எல்லாம் உருண்டைத் தண்டு ஊசி. என் அத்தை மிஷினுக்குத் தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கவேண்டும். அந்தத் தட்டையைத் தடவிப் பார்த்தே சின்னப் பிள்ளையும் சரியாக மாட்டிவிடும். “அக்கா, இது எதுவும் ஒங்க மிஷினுக்குச் சேராதே” என்றாள், அவளுக்கே வருத்தமாகிவிட்டது. ஒரு மிஷின் இருந்த காலத்தில் கேட்ட நேரத்துக்குக் கிடைத்த ஊசிக்கு, தெரு நிறைய மிஷின் இருக்கும் காலத்தில் மறுநாள் காலை ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

அன்றைக்கு ஒரு பாக்கெட்டுக்குப் பதிலாகப் பத்து வாங்கினேன். எதிர்வீட்டுப் பெண்ணையும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச்சொன்னேன். அவள் வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்குக் கை மூட்டுகிற வேலை மட்டும்தான். வாரம் முழுக்கக் கை, கை, கை. ஒரு முழுச் சட்டையை அளவெடுத்து, வெட்டி, தைத்து முடித்து அவள் பார்த்ததே இல்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் இருவரைக் கூட்டிவந்தாள்.

நாங்கள் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கொரு பழைய துணி கொண்டுவருவோம், பிளேடால் மெதுவாகத் தையலைப் பிரிப்போம். கைப்பேசியில் நூறு கழுத்து டிசைன் பார்க்கலாம், அதில் உள்பக்கம் தெரியாது. என் மாமியாரின் பழைய பஃப் கை ப்ளவுஸைப் பிரித்தபோது, உள்ளே சுருக்கு விழுந்த இடத்தில் தைத்தவர் நாடா வைத்து அடக்கியிருந்ததைப் பார்த்து நாலுபேரும் வாயடைத்துப்போனோம். மறுவாரம் எல்லோர் வீட்டிலும் ஒரு பஃப் கை. நைட்டிக்கு வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுத்துணியில் ஸ்மாக்கிங் போட்ட குழந்தைக் கவுன் மூன்று தைத்திருக்கிறோம். ஒன்றில் கிளி இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் போட்டது, அலகு கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவள் பிரிக்கச் சம்மதிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலாவது பரணில் மிதி மிஷின் கிடந்தால் இறக்கித் துடைத்து எண்ணெய் விடுங்கள். தட்டை ஊசி 14, 16 இரண்டு நம்பரும் என்னிடம் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கும் கதவைத் தட்டலாம்.