179 ரூபாய் 20 காசு

எங்கள் ஏர்பேட்டுப் பக்கத்தில் முஸ்லிம் பெண்ணுக்கு மரியாதை இல்லை என்று யாரும் வாய் திறக்க முடியாது. திருமலையானுக்கே ஒரு துலுக்க நாச்சியார் உண்டு. தெலுங்கில் பீபீ நாஞ்சாரி. யுகாதியன்று தேவுனி கடப்பா கோயிலில் முஸ்லிம் குடும்பங்கள் தேங்காய் பழத்தோடு வரிசையில் நிற்பார்கள். நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை அல்லவா, பார்த்துவிட்டு வருவோம் என்று. ஸ்ரீரங்கத்தில் நாச்சியாருக்கு ரொட்டி நைவேத்தியம். ஆக, சிலையாகவோ சித்திரமாகவோ இருந்துவிட்டால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தொல்லையெல்லாம் உயிரோடு இருக்கிற நாச்சியார்களால்தான். அவர்களுக்கு வாடகை கட்ட வேண்டியிருக்கிறது, பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டியிருக்கிறது, காசு கேட்கிறார்கள்.

கல்யாணத்துக்குக் காசு தாராளமாகக் கிடைத்தது. ஆந்திராவில் அன்றைய ஜெகன் அரசு 2022 அக்டோபரில் ‘ஷாதி தோஃபா’ என்று கொண்டுவந்தது. முஸ்லிம் மணமகளுக்கு ஒரு லட்சம். பெண்ணும் மாப்பிள்ளையும் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குறை சொல்ல மாட்டேன். பத்தாவது வரையாவது பிடித்து உட்கார வைக்கும். ஆனால் ஐஐடியும் ஐசரும் இருக்கிற ஏர்பேட்டில் நின்றுகொண்டு பார்த்தால், பத்தாவதே எல்லை என்று நாமே கோடு கிழித்த மாதிரியும் இருக்கிறது. போகட்டும். உள்ளே போகிற வாசலில் ஒரு லட்சம். வெளியே தள்ளுகிற வாசலில் என்ன கிடைக்கும்?

இந்தூர் ஷா பானுவைக் கேட்டிருக்கலாம். 1932-இல் கல்யாணம். ஐந்து பிள்ளைகள். 1975-இல் வீட்டைவிட்டு வெளியேற்றம். கணவர் வழக்கறிஞர், வருமானத்துக்குக் குறைவில்லை. மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டு 1978-இல் கோர்ட்டுக்குப் போனாள். பதிலாக முத்தலாக் வந்தது. அப்போது அவளுக்கு 62 வயது. மாஜிஸ்திரேட் பெரிய மனது பண்ணி 25 ரூபாய் போட்டார். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அந்த இருபது காசை யார், எந்தக் கணக்கில் கண்டுபிடித்தார்களோ! 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் கொடு என்றது.

அவ்வளவுதான், மார்க்கம் ஆபத்தில் விழுந்துவிட்டது. பதினான்கு நூற்றாண்டுகள் பேரரசுகளையும் சிலுவைப் போர்களையும் மங்கோலியரையும் தாண்டி வந்த மார்க்கம், ஒரு கிழவியின் மாத மளிகைக் கணக்கில் இடறி விழப் பார்த்ததாம். ஊர் ஊராக ஊர்வலம். கடைசியில் தீர்ப்பே வேண்டாம் என்று ஒரு பகிரங்கக் கடிதம் வந்தது. அதன் அடியில் ஷா பானுவின் கைநாட்டு. நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு அந்தப் பெருவிரலுக்கு இப்படி ஒரு முக்கியத்துவம்.

ராஜீவ் காந்தி மட்டும் சும்மா இருப்பாரா? நானூறுக்கு மேல் எம்.பி.க்களை வைத்துக்கொண்டு 1986-இல் சட்டம் போட்டார். இத்தா, அதாவது விவாகரத்துக்குப் பின் காத்திருக்கும் காலம், முடியும்வரை கணவன் பார்த்துக்கொள்வான். அப்புறம் சொந்தக்காரர்களைக் கேள், அவர்களும் இல்லையென்றால் வக்ஃபு வாரியத்தைக் கேள். (அதே ஆண்டு பிப்ரவரியில் அயோத்தியில் இந்துக்களின் வழிபாட்டுக்காகப் பூட்டும் திறக்கப்பட்டது. ஒரு கண்ணில் வெண்ணெய், இன்னொரு கண்ணிலும் வெண்ணெய். சுண்ணாம்பு முழுக்க ஷா பானுவுக்கு.)

2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்தது: பிற்காலத்துக்கும் சேர்த்து இத்தா காலத்துக்குள்ளேயே கணவன் கொடுத்துத் தீர்க்க வேண்டும். விஷயம் முடிந்ததா? தெலங்கானாக்காரர் ஒருவர் மாதம் பத்தாயிரம் கொடுக்கச் சொன்னதை எதிர்த்து டெல்லி வரைக்கும் போனார். டெல்லி வக்கீலுக்கு என்ன கொடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. 2024 ஜூலையில் நீதிபதி நாகரத்னா, நீதிபதி மசீஹ் அமர்வு அவர் மனுவைத் தள்ளியது. நாலே நாளில் முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் கூடி, இது ஷரீஅத்துக்கு முரண் என்று தீர்மானம் போட்டது. வரதட்சணைக்கு எதிராக இவ்வளவு சுறுசுறுப்பு காட்டியிருந்தால் எத்தனை வாப்பாமார்களின் நிலம் தப்பியிருக்கும்!

ஜமாஅத் ஆபீசில் நடப்பதைப் பாருங்கள். பெஞ்சில் முத்தவல்லி, செயலாளர், பொருளாளர், இரண்டு பெரியவர்கள், எல்லாரும் ஆண்கள். விவகாரம் யாருடையதோ அவள் வராந்தாவில், செருப்புகளுக்குப் பக்கத்தில். அவள் சொல்ல வேண்டியதை அவள் அண்ணன் சொல்வான். ‘கொஞ்சம் பொறுத்துப் போம்மா’ என்ற தீர்ப்பு மட்டும் ஜன்னல் வழியாக அவளுக்கு வந்து சேரும். இதற்குத்தான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களே உட்கார்ந்து விசாரிக்கும் ஜமாஅத்தைத் தொடங்கினார், பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசலும் கட்டப் புறப்பட்டார். வந்த எதிர்ப்பைப் பார்த்தால் அவர் சாராயக் கடை கட்டப் போனார் என்றே தோன்றும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, நாங்கள்தான் முஸ்லிம் சகோதரிகளைக் காப்பாற்றினோம்’ என்று மேடை ஏறும் கனவான்களே, உட்காருங்கள். முத்தலாக்குக்கு மூன்று வருஷ ஜெயில் என்று 2019-இல் சட்டம் போட்டீர்கள். ஜெயிலுக்குள் இருப்பவன் எங்கிருந்து ஜீவனாம்சம் கொடுப்பான்? 2022-இல் கர்நாடகத்தில் ஹிஜாபைக் காட்டி மாணவிகளைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தினீர்கள். பெண் படிக்கக் கூடாது என்கிற முல்லாவும் உங்களைக் கண்டு வெட்கப்பட்டிருப்பார். அதே வருஷம் ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பெண்ணின் கண்ணியத்தைப் பற்றிப் பேச்சு. அதே நாளில் கோத்ராவில் பில்கிஸ் பானு கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்குக் குற்றவாளிகள் 11 பேருக்கு விடுதலை, மாலை, இனிப்பு. அந்தச் சகோதரியும் சகோதரிதானே? உச்ச நீதிமன்றம் தலையிட்டு அவர்களை மறுபடி உள்ளே அனுப்ப 2024 ஜனவரி ஆனது.

கடல் தாண்டினால் நம் தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்கள். அங்கே 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். காதியாக, அதாவது அந்த வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக, ஆண்தான் இருக்க முடியும். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் ஷரீஅத் நீதிமன்றங்களில் பெண்கள் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே வானம் இடிந்து விழவில்லை. இலங்கையிலோ பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுமிக்கும் காதி அனுமதித்தால் விவாகம் பதியலாம். விவாகப் பதிவேட்டில் மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவார், பெண்ணின் வலீயான காப்பாளர் போடுவார். மணமகள் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. கிடைக்க வேண்டியதை வேண்டாம் என்று சொல்லத்தான் பெண்ணின் கைநாட்டு தேவைப்படும் போலிருக்கிறது.

அந்த நாட்டுப் பெண்கள் பல பத்தாண்டுகளாகக் கத்துகிறார்கள். 2009-இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைந்தது. அறிக்கை வர 2018 ஆகிவிட்டது. அதுவும் இரண்டாகப் பிளந்து வந்தது. குழு அமைந்த அன்று பன்னிரண்டு வயதில் கட்டிக் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அறிக்கை வந்த அன்று இருபத்தொன்று. பிறகு அலி சப்ரி நீதி அமைச்சராக வந்தார். அவரும் ஒரு குழு அமைத்தார்.