கட்டிங் ஆர்டர்

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் பொட்டு வைத்துக்கொண்டவை: என் மொபெட், என் மனைவியின் தையல் மிஷின், மிக்சி, மண்வெட்டி, அரிவாள்மனை, கூடவே ஒரு ரிமோட். டி.வி. ரிமோட் இல்லை, கார் ரிமோட். துப்பாக்கி மாதிரிப் பிடி, விரலுக்கு ஒரு விசை, பக்கவாட்டில் ஸ்டீயரிங்குக்கு ஒரு குட்டிச் சக்கரம். சந்தனக் கிண்ணத்தோடு வந்த மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கணுமா?”

“ரிமோட்டுக்கு வேணாம். காருக்கு வை, முன் சக்கரத்துல ரெண்டு.”

“பழம் சக்கரத்த விடப் பெருசா இருக்குங்க.”

இருந்தது. நல்ல நேரம் பார்த்து விசையை அழுத்தினேன். ஒரு பழம் உருண்டு பீரோவுக்கு அடியில் போயிற்று. இன்னொன்றின் மேல் கார் ஏறப் பார்த்து, முடியாமல், மல்லாந்து விழுந்தது. நசுங்கியது என் மானம் மட்டும்தான். அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நான் இயற்பியல் வாத்தியார். சகுனம் பார்த்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்தக் காரை என் மகனுக்காகத்தான் வாங்கினேன், அவன் ஐந்தாவது படிக்கையில், கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில், ஆயிரத்து நூறு ரூபாய்க்கு. அவன் ஒரு வாரம் விளையாடினான். பிறகு பரணில் போட்டான். பிறகு சென்னைக்கு இன்ஜினீயரிங் படிக்கப் போனான். பரணைச் சுத்தம் செய்யப் போன நான், சுத்தம் செய்யாமல் காரோடு இறங்கி வந்தேன். இதைத் தெருவில் ஓட்டுகிற வயதா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் தயாராக இருந்தது: சோதனை செய்கிறேன்.

பொய்யும் இல்லை. பழைய ரிமோட் 27 மெகாஹெர்ட்ஸ். உருவி நீட்டினால் முழ நீளத்துக்கு வருகிற ஏரியல். திண்ணையில் உட்கார்ந்தால் கிணறுவரைக்கும் கார் பேச்சு கேட்கும். கிணற்றைத் தாண்டினால் கேட்காது. நடுவில் யாராவது பழைய மொபெட்டில் போனால் கார் திடுக்கென்று குதிக்கும். இதற்குக் காரணம் உண்டு. மொபெட்டின் ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்கிறபோதெல்லாம் கொஞ்சம் ரேடியோ அலையும் தெறிக்கிறது. ஜகதீஷ் சந்திர போஸ் 1895-ல் கொல்கத்தா நகர மண்டபத்தில் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைக் கொளுத்திக் காட்டினார். அவர் அலையை உண்டாக்கியதும் பொறியில்தான். பால் கேனோடு போகிறவர் போஸ் செய்ததையே தினமும் இரண்டு வேளை செய்கிறார் என்று பன்னிரண்டாம் வகுப்பில் சொன்னேன். அதற்கப்புறம் பால்காரருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘போஸ்’. அவர் சுபாஷ் சந்திர போஸ் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி ஓட்டுகிறார். நான் திருத்தவில்லை.

அந்த வருஷப் பொங்கலுக்குத்தான் வினை வந்தது. எதிர்வீட்டுக்குச் சென்னையிலிருந்து வந்த பையன் ஒருவன் கையிலும் ரிமோட் கார். அதுவும் 27. நல்ல வகைக் கார்களில் அந்த அலைவரிசையை ஆறு தடங்களாகப் பிரித்து, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் கொடுத்து, ஆளுக்கொரு கிரிஸ்டல் போட்டுக்கொள்வார்கள். மலிவுச் சாமான்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பையன் இடது என்றான். என் கார் இடது போயிற்று. நான் நில் என்றேன்; அவன் கார் நின்றது. இருபத்தைந்து வருஷம் வாத்தியாராக இருந்தவனின் கார், ஆறு வயதுப் பையன் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு தெருக் கோடிவரை போய்க் கோலத்தை அழித்துவிட்டு வந்தது. கோலம் போட்ட அம்மாள் என்னைத்தான் திட்டினார்.

அன்று ராத்திரி மகனுக்குப் போன் போட்டேன்.

“ரிமோட்ட மட்டும் மாத்துப்பா. 2.4 ஜிகாஹெர்ட்ஸ். யாரும் குறுக்க வர முடியாது.”

‘மட்டும்’ என்று அவன் சொன்னதை நான் நம்பினேன். ரிச்சி தெருவில் வாங்கி, பஸ்ஸில் போட்டு அனுப்பினான். ரிமோட்டும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரிசீவரும் மூவாயிரத்து எண்ணூறு. காரைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பழைய காரில் ரிசீவரும் மோட்டாரை ஓட்டுகிற சர்க்யூட்டும் ஒரே பலகையில் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றை எடுத்தால் மற்றதும் போகும். ஆகவே மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி தனியாக வேண்டும். சக்கரத்தைத் திருப்ப செர்வோ வேண்டும். செர்வோ உட்கார இடம் இல்லை, சேஸிஸை அறுக்க வேண்டும். புதிய கருவிகளுக்குப் பழைய பேட்டரி போதாது. புதிய பேட்டரிக்குப் பழைய சார்ஜர் ஆகாது. கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று மாடு வாங்கின சாமியார் கடைசியில் கல்யாணமே செய்துகொண்டாராம். நான் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்பதால் அந்த ஒரு செலவு மிச்சம். மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம்.

“ரிமோட்ட மாத்தறேன்னுதான சொன்னீங்க?” என்றாள் மனைவி. “பழைய கார்ல இப்ப எதுதான் பழசு?”

“நாலு சக்கரம்.”

“நல்லவேளை.”

செலவுக்கு நியாயம் சொல்ல நடிகர் அஜித்தைத் துணைக்கு அழைத்தேன். அவரும் ரிமோட்டில் விமானம் விடுகிறவர்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார், அந்தக் குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது என்று எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். “அவரு விட்டா ஆகாசத்துல நிக்குது. நீங்க விட்டா தரையிலயே நிக்கலையே” என்றாள்.

இருந்தாலும் புதிய ரிமோட்டின் சுகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய கார் என் அப்பா மாதிரி: ‘சரி’ அல்லது ‘முடியாது’, நடுவில் ஒன்றும் கிடையாது. நேராகப் போகும், இல்லை ஒரேயடியாக ஒடிக்கும். புதியதில் விரலின் அசைவு எவ்வளவோ அவ்வளவு. ரிசீவர் செர்வோவுக்கு நொடிக்கு ஐம்பது தடவை ஒரு துடிப்பு அனுப்புகிறது. துடிப்பு ஒரு மில்லிசெகண்ட் நீண்டால் ஒரு கோடி, இரண்டு என்றால் மறு கோடி, ஒன்றரை என்றால் நடு. ஒரு மில்லிசெகண்டுக்குள் இத்தனை நயம். முழ ஏரியலும் இல்லை. 27-ல் அலையின் நீளம் பதினோரு மீட்டர், எங்கள் வீட்டு அகலத்தைவிடப் பெரிது. 2.4-ல் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். ரிசீவரிலிருந்து தொங்குகிற கம்பியில் வேலை செய்வது நுனியில் உள்ள 31 மில்லிமீட்டர், அலை நீளத்தில் கால் பங்கு.

யாரும் குறுக்கே வர முடியாததற்குக் காரணம், ரிமோட் ஒரே அலைவரிசையில் உட்கார்ந்திருப்பதில்லை, தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே எப்போது தாவும் என்பது அதன் ஜோடி ரிசீவருக்கு மட்டும் தெரியும். இந்த யோசனைக்கு 1942-லேயே காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். கூட்டாளி ஜார்ஜ் ஆந்தைல் என்கிற இசையமைப்பாளர். எதிரி குழப்ப முடியாதபடி டார்ப்பிடோவை ஓட்டத்தான் அந்த ஏற்பாடு. தானாக வாசிக்கிற பியானோவில் ஓட்டைக் காகிதச் சுருள் ஓடுமே, அதைப்போல இரண்டு சுருள்கள் சேர்ந்தோட, 88 அலைவரிசைகளில் தாவுகிற திட்டம். பியானோவின் கட்டைகளும் 88. மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி: “அந்தம்மா போட்டோ எதுக்கு உங்க செல்லுல இருக்கு?”

என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் ஒரு சின்னப் புத்தகம் கிடக்கிறது. ரேடியோ லைசென்ஸ். வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி முத்திரை வாங்கினால்தான் அன்றைக்குப் பாட்டு கேட்கலாம். கேட்பதற்கே லைசென்ஸ் வாங்கினவரின் பிள்ளை நான் இன்று அலையை அனுப்புகிறேன், லைசென்ஸ் இல்லாமல். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-ல் அரசு விதி போட்டுவிட்டது. அப்பா இருந்திருந்தால் எதற்கும் கட்டிவைடா என்றிருப்பார்.

ரிசீவரையும் ரிமோட்டையும் ஜோடி சேர்ப்பதற்கு ‘பைண்ட்’ என்று பெயர். ஒரு கையால் ரிமோட்டின் பட்டனை அமுக்கிக்கொண்டே மறு கையால் சுவிட்சைப் போட வேண்டும். ரிமோட்டைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். நான் இரண்டு கையோடு சமாளித்தேன். விளக்கு மின்னி நின்றது. மழையில் நனையாமல் இருக்க, மகன் சொன்னபடி, ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டினேன். கடைக்காரர் அவன் மூலமாகச் சொல்லியனுப்பிய விதி ஒன்று உண்டு: போடும்போது ரிமோட் முதலில், கார் பிறகு, அணைக்கும்போது கார் முதலில், ரிமோட் கடைசியில். வீட்டில் ஒரு வாரம் அந்த விதியைச் சந்தியாவந்தனம் மாதிரி கடைப்பிடித்தேன்.

அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு மரவள்ளி காயப்போடுகிற களத்துக்குப் போனேன். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. மேற்கே கல்வராயன் மலை கழுவித் துடைத்த மாதிரி நின்றது. கார் ஓடியது. கிணற்றுத் தூரம் தாண்டியது, பனைமரம் தாண்டியது, வண்டிப்பாதையில் நூறு மீட்டர் போயிற்று. பழைய ரிமோட்டில் முதலில் தீர்ந்துபோவது சிக்னல். புதியதில் முதலில் தீர்ந்தது என் கண். அதற்கப்பால் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது போகிறதா வருகிறதா என்று தெரியவில்லை. திரும்பச் சொன்னேன், திரும்பியதென்று நினைக்கிறேன். இங்கேதான் ஒரு சூட்சுமம். கார் நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது நமக்கு வலது. இது தெரியாமல் இல்லை, ஆடி பாடம் நடத்துகிறவன் நான். கைக்குத் தெரியவில்லை. களத்துப் பக்கம் ஒடித்தேன். அது மாமாவின் கரும்புக் கொல்லைக்குள் போயிற்று.

மாமா என் மனைவிக்குச் சித்தப்பா முறை. இரண்டு ஏக்கர், ஒன்பது மாசக் கரும்பு, ஆளை விழுங்குகிற உயரம், முழுக்க ஈரம். 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. மைக்ரோவேவ் அடுப்பில் ஆறிப்போன இட்லியைச் சூடாக்குவதும் கிட்டத்தட்ட இதே அலைதான். இட்லியில் இருக்கிற தண்ணீர் அலையை விழுங்கிச் சூடாகிறது. நனைந்த சோகை வரிசை வரிசையாக நின்று என் சிக்னலை விழுங்கியது. பழைய பதினோரு மீட்டர் அலை இதையெல்லாம் சட்டை செய்யாமல் உள்ளே போயிருக்கும். என்ன செய்வது, அதைத்தான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேனே.

சிக்னல் போனால் கார் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. முழு வேகத்தில் உள்ளே போகிற சத்தம் கேட்டது. விர்ர்ரென்று ஒரே சீராக, கரும்பில் மோதி, திரும்பி, மறுபடியும் விர்ர்ர். அப்புறம் ஒரே இடத்தில் நின்று சுற்றுகிற சத்தம். துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். கால் மணி நேரத்தில் சோகை இரண்டு கையையும் கீறிக் கோடு போட்ட நோட்டாக்கிவிட்டது. தவளைகள் ஆரம்பித்தன. தவளை எது, மோட்டார் எது என்று பிரிக்க முடியவில்லை. வெளியே வந்தபோது மாமா நின்றிருந்தார்.

“என்னா மாப்ள தேடறீங்க?”

“கார் மாமா.”

அவர் கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார். “கதவு எந்தப் பக்கம் தொறந்தீங்க?”

விஷயத்தை விளக்கினேன். “உள்ள விரியன் கெடக்கும். கட்டிங் ஆர்டர் வரட்டும் மாப்ள, வெட்டறப்போ தானா கெடைக்கும்” என்றார்.

அன்று ராத்திரிதான் ரிமோட்டோடு வந்த விளக்கக் காகிதத்தை முழுசாகப் படித்தேன். சிக்னல் அறுந்தால் கார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ‘ஃபெயில்சேஃப்’ என்று ஓர் ஏற்பாடு உண்டாம். பைண்ட் செய்கிற நேரத்தில் விசை எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ரிசீவர் மனப்பாடம் செய்துகொள்ளுமாம். மூன்றாவது கை இல்லாத நான் ரிமோட்டை எதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். விசையைத்தான். ‘நான் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓடு’ என்று என் வாயாலேயே, இல்லை, விரலாலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாற்ற வேண்டுமானால் மறுபடி பைண்ட் செய்ய வேண்டும். அதற்குக் கார் வேண்டும்.

அதிலிருந்து நான்கு மாசம், ஊரில் கரும்பு போட்ட எவரையும்விட சர்க்கரை ஆலையின் கட்டிங் ஆர்டருக்குத் தவமிருந்தவன் நான்தான். ஒரு சென்ட் கரும்பு இல்லாதவன் தினமும் சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணைக்குப் போய், “ஆர்டர் வந்துச்சா மாமா?” கரும்புக்குப் பாக்கிப் பணம் எப்போது வருமென்று அவர் கேட்பார், கார் எப்போது வருமென்று நான் கேட்பேன். பதிவுத் தேதி, ரகம், சர்க்கரைச் சத்து, வெட்டாள் முன்பணம், லாரி வாடகை, எல்லாம் எனக்கு அத்துப்படி ஆயிற்று. மனைவி ரிமோட்டைத் துடைத்து ஷோகேஸில் வைத்தாள். வந்தவர்கள் கேட்டால், “காரு வெளியூர் போயிருக்கு” என்பாள்.

மாசி பிறந்து ஆர்டர் வந்தது. பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டேன். காரணம் என்று போட்ட இடத்தில் ‘கரும்பு வெட்டு’ என்று எழுதினேன், நேர்மையாக. மூன்றாவது பாரில் ஒரு வெட்டாள் அம்மா கத்தினார். கார் மல்லாந்து கிடந்தது, எலுமிச்சம்பழத்தில் விழுந்த அதே கோலத்தில். டயர் நான்கில் ஒன்று எலிக்குப் போயிருந்தது. பலூனை அவிழ்த்தால் ரிசீவர் புதுசு. மொபெட்டில் கொண்டுபோயிருந்த வேறு பேட்டரியை மாட்டினேன். விதிப்படி ரிமோட் முதலில், கார் பிறகு. சக்கரத்தைத் திருப்பினேன். முன்சக்கரங்கள் திரும்பின.

வெட்டாள்கள் அரிவாளோடு சுற்றி நின்றார்கள். மாமா குனிந்து பார்த்தார். “நாலு மாசம் மண்ணுல கெடந்தும் பேச்சு கேக்குதே மாப்ள. நம்ம வீட்டுப் பசங்க நாலு நாளு ஆஸ்டல்ல இருந்துட்டு வந்தா கேக்க மாட்டேங்குதுங்க.”

வரப்பில் மூன்று டயரோடு நொண்டி நொண்டி ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகன்தான்.

“கெடச்சிருச்சுடா!” என்றேன். போனைப் பிடிக்கக் கை வேண்டுமே. ரிமோட்டை அணைத்துச் சட்டைக்குள் செருகினேன்.

விர்ர்ரென்று சத்தம் கேட்டது. வெட்டாள்கள் விலகி வழி விட்டார்கள். கார் வெட்டின தாள்களின் மேல் துள்ளித் துள்ளி, வரப்பு ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. அந்தப் பக்கமும் பச்சையாக, உயரமாக, அடர்த்தியாக நின்றது.

“அது தம்பி கொல்லை மாப்ள” என்றார் மாமா. “ஆடியில நட்டது. அடுத்த சீசன்லதான் வெட்டு.”